எண்பது தீப்பந்தங்களில் ஒன்று

பாரிஸில், ரூ காய் என்ற தெருவில் இருக்கும் தன் பலசரக்குக் கடையின் முன்கண்ணாடியில் ஞானசுந்தரம் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தார். அதில் "எங்கள் மகள்" என்ற இரண்டு சொற்கள் மட்டும் மற்ற எழுத்துகளைவிட இரண்டு மடங்கு பெரியவை. யப்பான் என்ற நாடே அவற்றுக்குக் கீழே சின்னதாகத்தான் கிடந்தது.

"வருகிற சனிக்கிழமை மாலை 6.30 மணிக்கு யப்பானில் மலை எரிப்புத் திருவிழா. எமது கடைத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டப்படும். தீ வைப்பவர்களில் ஒருவர் எங்கள் மகள் கஜந்தினி. தேநீரும் வடையும் உண்டு. அனைவரும் வருக."

ஜனவரி மாதத்தின் அந்த வாரம் முழுக்கத் தெருவில் இதுதான் பேச்சு. கருவேப்பிலை வாங்க வந்தவர்களும் தொலைபேசி அட்டை கேட்டு வந்தவர்களும் கண்ணாடி முன் நின்று வாசித்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்கள். ஞானசுந்தரம் பெருமையை மூட்டைக் கணக்கில் இறக்குகிறவர். பணப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி சாரதாதேவியோ ஒரு கடதாசிச் சரை அளவுகூட வெளியே எடுக்காதவள். யாராவது கேட்டால், "ஓம், பிள்ளை அங்கைதான் நிக்கிறாள்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

நிறுத்திக்கொள்ள அவளுக்குக் காரணம் இருந்தது. பாரிஸில் பிறந்து, கணக்கியல் படித்து, லா டிஃபான்ஸில் ஒரு கண்ணாடிக் கோபுரத்தின் இருபத்து மூன்றாம் மாடியில் வேலைக்குச் சேர்ந்த பெண், எட்டாவது மாதம் அந்த வேலையை விட்டுவிட்டு யப்பானில் பெயர் தெரியாத ஒரு சிற்றூருக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கப் போனால் தெரு சும்மா இருக்குமா? எதிர்ப்பக்கம் சேலைக் கடை வைத்திருக்கும் இராசேஸ்வரிதான் முதலில் கேட்டாள்.

"இஞ்சை வாறதுக்கு ஆக்கள் கடல் தாண்டி விசா, பப்பியே ஒண்டும் இல்லாமல் அலையுதுகள். எல்லாப் பப்பியேயும் கையிலை வைச்சிருக்கிற பிள்ளை அங்கை போய் என்ன செய்யுது சாரதா?"

நான்கு வருடமாக அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் சாரதாதேவி பணப்பெட்டியில் சில்லறை எண்ணத் தொடங்குவாள்.

யப்பானில் கஜந்தினி போன அந்த ஊரில் இளையவர்கள் குறைவு. பள்ளிக்கூட வாத்தியார், கடைக்காரர், தபால்காரர் என்று ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் தீயணைப்பு அணிக்கு ஆள் போதவில்லை. கஜந்தினி போய்ப் பெயர் கொடுத்தாள். முதல் இரண்டு வருடம் அவளுக்குக் கிடைத்த வேலை, தண்ணீர்க் குழாய் சுருட்டுவதும் தேநீர்க் கோப்பை கழுவுவதும். அணித் தலைவர் தோபு என்ற சோயாக் கட்டி செய்து விற்கிறவர். எண்ணிப் பேசுகிற மனிதர். அவர் இந்த வருடம் அவளைக் கூப்பிட்டு, "உனக்கு ஒரு பந்தம்" என்றாராம்.

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு புல்மலை. மரமே கிடையாது. ஆள் உயரப் புல் குளிர்காலத்தில் காய்ந்து பொன்னிறமாகிவிடும். "மலை இல்லை அம்மா, பெரிய சிங்கம் ஒண்டு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிற மாதிரி" என்று அவள் குரல்பதிவில் சொல்லியிருந்தாள். ஜனவரியின் நான்காம் சனிக்கிழமை அந்தச் சிங்கத்தின் அடிவயிறு நெடுக எண்பது பேர் பந்தத்தோடு நிற்பார்கள். கொம்பு ஊதியதும் எண்பது பந்தமும் ஒன்றாகக் குனியும். பழம்புல் எரிந்து, பூச்சியின் முட்டைகள் அழிந்து, சாம்பல் உரமாகி, பங்குனியில் மலை பச்சையாக எழும்பும். முந்நூறு வருடப் பழக்கமாம்.

இதைக் கேட்ட இராசேஸ்வரி தன் கடை வாசலில் நின்றே சிரித்தாள். "உலகத்திலை பொம்பியே எண்டால் நெருப்பை நூர்த்து அணைக்கிற ஆக்கள். உங்கடை பிள்ளை மட்டும் வைக்கிறாவோ?"

தெருவே சிரித்தது. சாரதாதேவியும் உதட்டளவில் சிரித்தாள். ஆனால் அன்றைக்குத்தான் அவளுக்குள் ஓர் ஆசை வந்து குந்திக்கொண்டது. மகள் தீ வைப்பதைத் தன் கண்ணால் காணவேண்டும். எண்பது பேரில் இதுதான் என் பிள்ளை என்று ஒரு தரம், ஒரே ஒரு தரம், இந்தத் தெருவுக்கு முன்னால் விரல் நீட்டிச் சொல்லவேண்டும்.

சனிக்கிழமை காலை. இரும்புக் கதவை முழுதாக உயர்த்துவதற்கு முன், வழக்கம்போல் சாரதாதேவி பித்தளைத் தட்டில் கற்பூரம் ஏற்றினாள். அலமாரிக்கு மேலிருந்த பிள்ளையாருக்கு மூன்று சுற்று, பணப்பெட்டிக்கு மூன்று சுற்று.

சனிக்கிழமைகளில் இது ஒரு காலத்தில் கஜந்தினியின் வேலை. ஏழு வயதில் தொடங்கினாள். பிறவியிலேயே இடக்கைக்காரி. தட்டை இடக்கையில் பிடித்து, வலமாகச் சுற்றவேண்டியதை இடமாகச் சுற்றுவாள். தாய் பார்க்கும்போது வலக்கை, முகத்தைத் திருப்பினால் இடக்கை. ஒரு நாள் மீதிக் காசு மாற்ற வந்த இராசேஸ்வரி அதைக் கண்டு திடுக்கிட்டு, "இடக்கையாலை, அதுவும் மறுபக்கமா! இந்தக் கடை உருப்பட்ட மாதிரித்தான்" என்றாள். கடை என்னவோ உருப்பட்டது. பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்துச் சுவரை இடித்துப் பெருப்பித்தார்கள். இராசேஸ்வரிக்குத்தான் அது சரியாகப் படவில்லை. இடக்கை விடயத்தைப் பத்து வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கற்பூரம் அணையும்போது கைபேசி முனகியது. மகளின் குரல்பதிவு. பின்னால் காற்று இரைந்தது.

"அம்மா, அப்பா நோட்டீஸைப் படம் எடுத்து அனுப்பினவர். ஐயோ, ஆறரை எண்டது இஞ்சத்தை நேரம்! உங்களுக்குக் காலமை பத்தரை! விளங்குதோ? பத்தரை! நான் இடப்பக்கம், கடைசியிலை இருந்து மூண்டாவதா நிப்பன். எல்லாருக்கும் ஒரே உடுப்பு, ஒரே ஹெல்மெற். முகம் தெரியாது. சரி, போறன். பிசு!" முத்தச் சத்தத்தோடு பதிவு முடிந்தது.

சாரதாதேவி திரும்பிக் கணவனைப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, ஆறரை எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"அவங்கள் இன்ரநெற்றிலை போட்டிருந்தவங்கள். எங்கடை கொம்பியூட்டரிலை பார்த்தால் எங்கடை நேரந்தானே காட்டும் எண்டு நினைச்சன்."

முப்பது வருடமாக யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுக்கும்போது நாலரை மணித்தியாலத்தை மனக்கணக்காகக் கூட்டிக் குறைத்து வந்த மனிதர், யப்பானுக்கு வந்ததும் தடுக்கி விழுந்துவிட்டார். அவர் அறிவித்தலைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், கடையைப் பூட்டலாமா என்று கேட்டார்.

"சனிக்கிழமை காலமை கடை பூட்டுறதோ? ரீவியை ஆக்கள் பக்கம் திருப்பிவிடுங்கோ. அதுவே காணும்" என்றாள் சாரதாதேவி.

பத்து மணிக்குக் கடைக்குள் நிற்க இடமில்லை. யாரும் திருவிழாவுக்கு வரவில்லை. எல்லோரும் மரக்கறிக்கு வந்தவர்கள். வான் வந்து இறக்கிய முருங்கைக்காய்ப் பெட்டிகளைப் பாலேந்திரன் அடுக்கிக்கொண்டிருந்தான். வன்னியில் இருந்து வந்து ஆறு வருடம் இந்தக் கடையில் வேலை செய்கிறவன். ஆள் பெரிதாகப் பேசமாட்டான். ஒவ்வொரு சனியும் வாழைக்காய் வாங்க வரும் ரோசாலி என்ற பிரெஞ்சுக் கிழவி வரிசையில் நின்றாள். செய்தி எப்படியோ தெருவைத் தாண்டிப் போய்விட, இராசேஸ்வரியும் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

திரையில் இருட்டு. ஆற்றுக்கு இக்கரையில் பள்ளிக்கூடக் கூரையில் ஊர்ச்சபை பொருத்தியிருந்த ஒரே ஒரு கமெரா. அது திரும்பாது, கிட்டப் போகாது. நடுவில் பெரிய நெருப்பு ஒன்று எரிந்தது. கோயிலில் இருந்து கொண்டுவந்த தீயாம். அதைச் சுற்றிச் சிறு சிறு நிழல்கள். திடீரென்று நீளமாக ஓர் ஓசை எழுந்தது.

"சங்கு!" என்றாள் இராசேஸ்வரி. "என்ன சாரதா, நல்ல நாளிலை செத்தவீட்டுச் சங்கு ஊதுறாங்கள்?"

"கோயிலிலையும் சங்கு ஊதுறதுதானே" என்றார் ஞானசுந்தரம். "உங்களுக்கு ஏன் எப்பவும் செத்தவீடுதான் ஞாபகம் வருது?"

கடை சிரித்தது. சாரதாதேவி சிரிக்கவில்லை. அவள் கண் திரையை விட்டு அசையவில்லை. கை மட்டும் தானாக மரக்கறியை நிறுத்துக்கொண்டிருந்தது.

பந்தங்கள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டன. பெரிய நெருப்பில் இருந்து பிரிந்து பிரிந்து மலையடிவாரம் நெடுக நகர்ந்து வரிசையாக நின்றன. முன்னால் கறுப்பாக மலை, அதன் அடியில் எண்பது பொட்டுகள். ஞானசுந்தரம் ஒரு முருங்கைக்காயை எடுத்துத் திரைக்கு முன்னால் போய் நின்றார்.

"இடப்பக்கம் கடைசி, ஒண்டு, இரண்டு, மூண்டு. அந்தா! எங்கடை பிள்ளை!"

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சாரதாதேவியும் இருக்கையில் இருந்து பாதி எழும்பினாள். அந்த மூன்றாவது பொட்டை அவள் முழுதாக ஒரு மூச்சு நேரம் பார்த்திருப்பாள். அதற்குள் திரையில் யாரோ ஒலிபெருக்கியில் கத்தினார்கள். காற்றுத் திசை மாறியிருக்கவேண்டும். இடப்பக்கத்துப் பந்தங்கள் வரிசை குலைந்து வலப்பக்கம் ஓடின, நடுவில் நின்றவை இடப்பக்கம் வந்தன, எல்லாம் குறுக்கும் மறுக்குமாகக் கலந்தன. மறுபடி வரிசை நேரானபோது எது எது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஞானசுந்தரம் விடுவதாயில்லை. முருங்கைக்காய் இன்னும் இடப்பக்கத்திலேயே நின்றது. "இல்லையில்லை, அவள் இடம் மாறேல்லை. பாருங்கோ, மற்றப் பந்தமெல்லாம் ஆடுது. இது மட்டும் அசையாமல் நிக்குது. பயமே இல்லை! ஆரின்ரை பிள்ளை?"

பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பாலேந்திரன் மெல்லத் தொண்டையைச் செருமினான். "அண்ணை, அது தண்ணி வாகனத்தின்ரை லைற்."

இந்த முறை கடை சிரித்த சிரிப்பில் வெளியே தெருவில் போனவர்கள்கூட நின்று பார்த்தார்கள். ஞானசுந்தரம் முருங்கைக்காயை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"பரவாயில்லை சாரதா" என்றாள் இராசேஸ்வரி. "எண்பதிலை ஏதோ ஒண்டு உங்கடை பிள்ளைதானே. பிடிச்ச ஒண்டைப் பாத்து எடுங்கோவன்."

அவள் பகிடியாகத்தான் சொன்னாள். ஆனாலும் சாரதாதேவிக்கு அது நெஞ்சில் முள்ளாக ஏறியது. பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் இனங்காணத் தெரியாத தாயாக, வாழைக்காய்க்கும் பயற்றங்காய்க்கும் நடுவில், இத்தனை பேர் முன்னால் நிற்கிறாள். நான்கு வருடத்தில் மகளைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கைபேசியில் வந்த குரல்தான். இப்போது ஒரே உடுப்பு, ஒரே தலைக்கவசம், ஒரே நெருப்பு. தொலைந்து போவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

வானத்தில் வாணங்கள் வெடித்தன. அந்த வெளிச்சத்தில் ஒரு கணம் மலை முழுதும் தெரிந்து மறைந்தது. அடர்ந்த புல், வளைந்த முதுகு. பாலேந்திரன் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, மேலை கறுத்த கோடு கண்டனீங்களோ? ஓரத்தை முதலே எரிச்சு வைச்சிருக்கினம். நெருப்பு அங்கை போனால் தின்ன ஒண்டும் இல்லை, தானா நிண்டிடும். காத்துக்கு ஏற்ற மாதிரி ஆக்களையும் மாத்திப்போட்டினம். வேலை தெரிஞ்ச ஆக்கள். எங்கடை பிள்ளைக்கு ஒண்டும் நடக்காது."

எங்கடை பிள்ளை என்றான். கஜந்தினி யப்பானுக்குப் போவதற்கு முன் அவளோடு அவன் நாலு வார்த்தை பேசியிருந்தாலே அதிகம். சாரதாதேவி தலையாட்டினாள்.

கொம்பு ஊதியது.

எண்பது பந்தங்கள் ஒன்றாகக் குனிந்தன. இல்லை, எழுபத்தொன்பது. வலப்பக்கத்தில் ஒரு பந்தம் மட்டும் குனியவில்லை. அது மேலே எழும்பியது. அவசரப்படாமல் இருட்டில் ஒரு வட்டம் போட்டது. பிறகு இன்னொன்று. மூன்றாவது வட்டம் தொடங்கும்போது சுற்றிலும் புல் பற்றி எரியத் தொடங்கிவிட்டது.

முதல் வட்டம் பாதி முடியும் முன்பே சாரதாதேவி கையிலிருந்த பயற்றங்காயைத் தராசில் போட்டுவிட்டாள். அவள் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்து வீரிட்ட குரல் இராசேஸ்வரியுடையது.

"மறுபக்கமாச் சுத்துது! அடி, மறுபக்கமா! சாரதா, இடக்கை! உன்ரை இடக்கைக்காரி!"

பத்து வருடம் குறை சொன்ன வாய் அது. அந்தச் சுற்றைப் பெற்றவளைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்க வழியில்லை.

மூன்றாம் சுற்று முடிந்தது. பந்தம் தாழ்ந்து புல்லைத் தொட்டது. மற்ற இடமெல்லாம் நெருப்பு முழங்கால் உயரம் ஏறிவிட, அந்த ஓர் இடத்தில் மட்டும் வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரிக் கறுப்பாக இடைவெளி. பிறகு அங்கேயும் ஒரு நாக்கு எழுந்தது. பிந்தி எழுந்தது என்றாலும் அது இரண்டு பக்கத்து நெருப்பையும் எட்டிப் பிடித்தது, கைகோத்தது, பொன்னிறச் சங்கிலி ஒன்று அறுபடாமல் மலையில் ஏறத் தொடங்கியது.

அதன் பிறகு திரையில் சிங்கம் எழும்பியது, அவ்வளவுதான். பிடரி முழுக்கத் தீ. மலையின் வளைவு வளைவாக வெளிச்சம் ஊர்ந்து ஏறியது; அதன் நிழல் ஆற்றில் தலைகீழாக இன்னொரு மலையை எரித்தது. முருங்கைக்காயும் மீன்பெட்டியும் அரிசி மூட்டையும் நிறைந்த கடையில் எல்லோருடைய முகமும் செம்மஞ்சளாயிருந்தது. உச்சியில் கறுத்த கோட்டைத் தொட்டதும், பாலேந்திரன் சொன்ன மாதிரியே, தீ நின்றது.

ரோசாலி வாழைக்காயை மார்போடு அணைத்துக்கொண்டு, இது என்ன, எங்கே நடக்கிறது என்று கேட்டாள். கணவன் பதில் சொல்ல வாயெடுப்பதைச் சாரதாதேவி கண்டாள்; கையால் தடுத்தாள். விலை சொல்லவும் மீதி கொடுக்கவும் மட்டுமே பிரெஞ்சைச் செலவழிக்கிறவள், அன்று எழும்பி நின்றாள். திரையின் வலப்பக்கத்தில், நெருப்பு கடைசியாக எழுந்த இடத்தில், விரலை வைத்தாள்.

"என் மகள்" என்று பிரெஞ்சில் சொன்னாள். பிறகு போதாது என்று பட்டிருக்கவேண்டும், இன்னும் கொஞ்சம் உரத்து, "இந்த இடம், இது என் மகள் வைத்த நெருப்பு" என்றாள்.

ஒரு மணித்தியாலம் கழித்துக் கைபேசித் திரையில் கஜந்தினியின் முகம் வந்தது. மூக்கிலும் கன்னத்திலும் கரி. தலைக்கவசத்தின் பட்டி தாடையில் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"அம்மா, கண்டனீங்களோ? நான் பிந்திப்போனன். அநியாயம். இரண்டு வருசம் காத்திருந்து, கடைசியிலை பத்துச் செக்கன் பிந்திப்போனன்."

"தலைவர் ஏசினவரோ?"

"கொஞ்சம். பேந்து கேட்டார், அது என்ன சுத்தினனீ எண்டு. நான் யோசிச்சுச் செய்யேல்லை அம்மா, கை தானாப் போட்டுது. நான் சொன்னன், எங்கடை வீட்டிலை நெருப்பைக் கையிலை எடுத்தால் முதல்ல சுத்திக் காட்டிப்போட்டுத்தான் வைக்கிறது எண்டு."

"அதுக்கு அவர்?"

கஜந்தினி கரி படிந்த முகத்தில் பற்கள் தெரியச் சிரித்தாள். "தன்ரை ஹெல்மெற்றைக் கழற்றித் துடைச்சார். பேந்து சொன்னார், அப்ப அடுத்த வருசம் பத்துச் செக்கன் முதலே தொடங்கு எண்டு."

அடுத்த வருடமும் அவளுக்குப் பந்தம் உண்டு. சாரதாதேவி அதை ஒரு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, தெரியாதவள் போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்: "அது சரி, எந்தக் கையாலை சுத்தினனீ?"

"அம்மா!"

"இல்லை, சும்மா கேட்டன்."

அன்று மாலை ஆறரைக்கு, அறிவித்தலை நம்பியவர்கள் வந்தார்கள். அக்கம்பக்கத்து மார்க்ஸ் டோர்மோயில் இருந்தும் ரூ பெர்தொனேயில் இருந்தும், குளிருக்குள் குழந்தைகளைப் பொத்திக்கொண்டு, முப்பது நாற்பது பேர். ஞானசுந்தரம் அறிவித்தலைக் கழற்றியிருக்கவில்லை. கேட்டால், வேண்டுமென்றே விட்டது என்றார். வடையைக் கையில் கொடுத்து ஒவ்வொருவரையும் முன்னால் தள்ளினார். பதிவைப் போட்டார்கள். தொலைக்காட்சியின் ரிமோட் எப்படியோ இராசேஸ்வரியின் கைக்குப் போயிருந்தது.

"நான்தான் முதல்ல கண்டது" என்று அவள் மூன்றாவது கூட்டத்துக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். "சின்னனிலையே நான் சொன்னனான், இந்தப் பிள்ளை சும்மா ஆளில்லை எண்டு."

ஞானசுந்தரம் வடைச் சட்டிக்குப் பின்னால் இருந்து நிமிர்ந்து பார்த்தார். சாரதாதேவி அவரைப் பார்த்து, விடுங்கோ என்று கண்ணால் சொன்னாள்.

திரையில் மறுபடி எண்பது பொட்டுகள் வரிசை பிடித்து நின்றன. கூட்டத்தில் புதிதாக வந்த ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு. இதுக்குள்ளை ஆர் அக்கா உங்கடை மகள்?"

இராசேஸ்வரி வாயைத் திறந்தாள். ஆனால் அதற்குள் சாரதாதேவி பணப்பெட்டியைச் சாத்திவிட்டு, இருக்கையை விட்டு இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள். அந்தக் கடையில் அவளுடைய குரல் அவ்வளவு உரத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பொறுங்கோ. இப்ப கொம்பு ஊதும். எல்லாரும் பந்தத்தைக் கீழை பதிப்பினம்" என்றாள். "பதிக்காத ஒராள் நிப்பாள். அவளைப் பாருங்கோ."